எதிர் வண்டிக்காரன் காட்டிய கை

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு சைக்கிள்காரனைப் பிடிக்காது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கே திரும்பப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. கை காட்ட மாட்டான், திரும்பிப் பார்க்க மாட்டான், ஹாரனை அமுக்கினால் மட்டும் நம்மை முறைப்பான். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் நான் திட்டாத சைக்கிள்காரன் கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டி, "ஏலே, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கியர் போடுவேன். அப்பேர்ப்பட்டவன் நாற்பத்தெட்டாவது வயதில் அதே ரோட்டில் சைக்கிளில் போனேன். அதுவும் பேட்டரி சைக்கிளில்.

நானாக விரும்பிப் போகவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் காலை, வண்டி நிறைய ஆள் ஏற்றியாகிவிட்டது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தாராம். வண்டி நகரவில்லை. மறுபடியும் கொடுத்தாராம். முன்னால் வந்து பார்த்தால், நான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது பஸ் ஸ்டாண்டு தரையில் கிடந்தேன். காக்கிச் சட்டையெல்லாம் எச்சில். அரை நிமிஷம் முன்னால் வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மதுரை நரம்பு டாக்டர் தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வலிப்பு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இஞ்சின் வச்ச வண்டி இனிமே உங்களுக்குக் கிடையாது. ஒரு வருஷம் முழுசா வலிப்பு வராம இருந்தா, சைக்கிள் வேணும்னா பாக்கலாம். அதுவும் என்கிட்ட கேட்டுட்டு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பம் டிப்போவில் என்னை வாசல் கேட்டு வேலையில் போட்டார்கள். உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி, நேரம் எழுத வேண்டும். என் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போவான். நான் அதன் நம்பரை எழுதுவேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு ஸ்டாப்பில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பயல்கள் வண்டியை நிறுத்தி, "வாங்கண்ணே" என்று இஞ்சின் பக்கத்து சீட்டைக் காட்டுவார்கள். உட்காருவேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக பிரேக்கை அமுக்கும். அங்கே ஏது பிரேக்? வெறும் தகரம். ஒருநாள் ஒருத்தன் சொல்லியே விட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. நீங்க கால அமுக்கயில எனக்குக் கை உதறுது. பின்னாடி உக்காந்துக்கங்கண்ணே."

பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஒரு வருஷத்தை நான் எண்ணிய மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பரீட்சை லீவை எண்ண மாட்டார்கள். காலண்டரில் ஒவ்வொரு தாளையும் நானே கிழிப்பேன். பதினோரு மாதம் ஓடிவிட்டது. மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்படியில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, டம்ளர் தரையில் கிடக்கிறது, காப்பி பாதத்தைச் சுட்டிருக்கிறது, சூடு இப்போதுதான் உறைக்கிறது. நடுவில் கொஞ்ச நேரத்தைக் காணோம். நான் கீழே விழவில்லை. இழுக்கவில்லை. நின்றபடிதான் நின்றிருந்தேன். மனைவி பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

இது வலிப்பா? டம்ளர் வழுக்கினதெல்லாம் வலிப்பா? எனக்கு நானே கேட்டுக்கொண்டு, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலண்டர் தாளை எப்போதும்போலக் கிழித்தேன்.

வருஷம் முடிந்ததும் தேனிக்குப் போய் அந்தப் பேட்டரி சைக்கிளை வாங்கி வந்தேன். சாதா சைக்கிளாக இருந்தால் என் முழங்கால் கம்பம் வரை தாங்காது. போகும்போது ரோடு முழுக்க லேசான ஏற்றம். ஆனி, ஆடியில் கேரளாக் காற்று மலையிலிருந்து இறங்கி நேரே முகத்தில் அறையும். கடைக்காரர் ராகம் போட்டுச் சொன்னார், லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், வலது கைப்பிடியை முறுக்கினால் அதுவே போகும் என்று. டாக்டரைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

மனைவி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மோட்டாரு வேணாம்னுல்ல டாக்டரு சொன்னாக?"

"இது சைக்கிளு. பெடல் இருக்கா இல்லையா?"

"பெடல் இருக்கு. நீங்க அத மிதிச்சத நான் பாக்கலையே. தெருமுக்குலருந்து சும்மா உக்காந்துல்ல வந்தீக."

அதோடு விட்டுவிட்டாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சாவியை வாங்கி, மாத்திரை டப்பாவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். அதிலிருந்து அது ஒரு சட்டமாகிப் போனது. காலையில் அவள் கண் முன்னால் மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் சாவி கைக்கு வரும். "நான் என்ன பச்சப் புள்ளையா?" என்று தினமும் கத்துவேன். தினமும் வாயைத் திறந்தும் காட்டுவேன்.

முதல் நாள் நான் போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைச் சுழற்றிய கைக்கு இந்தக் குச்சி அடங்க மாட்டேன் என்கிறது. ஓட்டுவதும் பஸ் மாதிரியே ரோட்டின் நடுவில். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு குமுளிக்குப் பறக்கும் ஜீப் ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. டிரைவர் தலையை நீட்டினான். "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை பேரைக் கேட்டிருப்பேன், எனக்கும் வேண்டியதுதான்.

ஆனால் அனுமந்தன்பட்டி தாண்டியதும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பத்தொன்பது வயதில், கம்பத்தில் ஒரு லாரி பட்டறையில் வேலை பார்த்தபோது, இதே ரோட்டில் தினமும் சைக்கிளில் போனவன் நான். இடது பக்கம் வயல், வலது பக்கம் தென்னந்தோப்பு, எதிரே மலை. பஸ்ஸின் மேலே உட்கார்ந்து போனபோது இந்த ரோட்டுக்கு வாசனை இருந்ததே தெரியவில்லை. டீசல் வாசனைதான் தெரியும். இப்போது ஈரச் சேறும் வைக்கோலும் மூக்கில் ஏறின. யாரும் என்னை ஏற்றிக்கொண்டு போகவில்லை, நானாகப் போகிறேன். சந்தோஷத்தில் வாய்விட்டுப் பாடினேன். பாட்டு எதுவென்று கேட்காதீர்கள், வாயில் வந்ததைத்தான்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் எதிரே வந்த பஸ்கள். எங்கள் டிப்போ வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்து, கையைத் தூக்கிவிட்டுத்தான் போனது. பின்னால் வந்து முந்திப் போகும் வண்டியும் அப்படியே. கேட்டில் உட்கார்ந்து நேரம் எழுதினாலும் என் மதிப்பு என் மதிப்புதான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு கையை விட்டுவிட்டுத் தூக்கிக் காட்டுவேன்.

பஸ் டிரைவர்களுக்குள் ஒரு கைப்பாஷை உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி கடக்கிற அந்த நொடியில் சேதி மாறிவிடும். தோள்பட்டையைத் தட்டினால் முன்னால் செக்கிங் நிற்கிறது. முஷ்டியை மூடிக் காட்டினால் ஏதோ வண்டி பிரேக்டவுன். உள்ளங்கையை விரித்துக் கீழே இரண்டு தடவை அமுக்கினால், ஒன்றுமில்லை, ரோடு நல்லா இருக்கு, நிதானமாகப் போ. நானே ஆயிரம் தடவை காட்டியிருப்பேன். என்னைத் தாண்டிப் போன வண்டி, எனக்கு முன்னாலேயே எதிர் வண்டிக்கு உள்ளங்கையை அமுக்கிக் காட்டுவதைத் தினமும் பார்த்தேன். இப்போதெல்லாம் செக்கிங்கே இல்லை போலிருக்கிறது, பயல்களுக்கு யோகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்டு மட்டும் என் எதிரி. அந்த வருஷங்களில் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரு கணக்கே இல்லை. எங்கள் ஆற்றுத் தண்ணீரில், மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் கரண்டு எடுக்கிறார்கள். எடுத்த தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடுகிறது, கரண்டு மட்டும் எங்கேயோ போய்விடுகிறது. பாதி சார்ஜில் கிளம்புவேன். ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், புதுப்பட்டியில் வண்டி செத்துவிட்டது. பேட்டரி செத்த அந்த வண்டியை மிதிப்பதும் செக்கு இழுப்பதும் ஒன்றுதான். கொஞ்ச தூரம் மிதித்தேன், முழங்கால் கெஞ்சியது, இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த பஸ் நின்றது. என்னோடு ஒன்பது வருஷம் ஓடிய அதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"டிரைவரண்ணே, வண்டிய மேல ஏத்திருவோம். வாங்க."

"போய்யா, நான் தள்ளிட்டு வந்துக்கிருவேன்."

"இருட்டப் போகுதுண்ணே. வீட்ல தேடுவாகல்ல."

"ரைட் குடுத்துட்டுப் போய்யா!"

அவர் விசில் கொடுக்கவில்லை. வண்டி என் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்தது. உள்ளே ஜனங்கள் கத்த ஆரம்பித்த பிறகுதான் முந்திப் போனது. என்ன மனுஷன் இவர், ட்ரிப் லேட்டாகிறதே என்று திட்டிக்கொண்டே தள்ளினேன்.

விழுந்தது அடுத்த வருஷம் ஆடியில். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, முறுக்கிய கையை விடாமல் போய்க்கொண்டிருந்தேன். அனுமந்தன்பட்டி தாண்டியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் வானம். காதுக்குள் சேறு. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு அம்மா முந்தானையால் என் வாயைத் துடைக்கிறாள். ரோட்டில் எங்கள் பஸ். அதன் ஜன்னல் முழுக்க முகம். யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வலது கையை விரிக்க முடியவில்லை. உள்ளே ஏதோ இருந்தது. வலிப்புக் கண்டவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. யாரோ எதையோ திணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். என் வண்டிச் சாவி. உள்ளங்கையில் அதன் பல் அப்படியே பதிந்திருந்தது.

"வண்டி சேத்துக்குள்ள விழுந்தும் வீலு சுத்திக்கிட்டே கெடந்துச்சுண்ணே" என்றார் என் பழைய கண்டக்டர். "உங்க கை முறுக்குன முறுக்கு விடல. நாந்தான் சாவியப் புடுங்கி ஆஃப் பண்ணேன். இரும்பு வேற ஒண்ணும் கிட்டத்துல இல்ல, அதையே கைல குடுத்துட்டேன்."

சாதா சைக்கிளாக இருந்திருந்தால் கால் நின்றதும் வண்டி நின்றிருக்கும். இது என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வயல் பக்கம் போனதால் பிழைத்தேன், ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் எங்கள் பஸ் ஏதாவது ஒன்றே என் மேல் ஏறியிருக்கும்.

"நீ எப்படிய்யா என்னப் பாத்த? ரோட்லருந்து இம்புட்டுத் தள்ளிக் கெடக்கேன்."

அவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். "எதிர் வண்டிக்காரன் அமுக்கிக் காட்டாம, இல்லைன்னு கைய விரிச்சுட்டான்ணே. புதுப்பட்டியிலருந்து வர்ற வழியில உங்களக் காணோம்னுட்டான். அப்புறம் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே உருட்டுனோம்."

சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொன்னது அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரு சொல்லி இதெல்லாம்?"

"வேற யாரு? உங்க வீட்லதான். வண்டி வாங்குன மறுநாளே ஸ்டாப்புக்கு வந்து ஒரு வண்டி விடாம சொல்லிட்டாக. அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னாக."

ஆத்தாடி, ஒரு வருஷத்துக்கு மேல! மரியாதை என்று நினைத்து நான் கை தூக்கிய ஒவ்வொரு தடவையும், ஆள் விழாமல் போகிறான் என்று சேதி போயிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் நான் பேசிய பாஷையில், என் கண் முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். சேற்றில் கிடக்கிறவனுக்கு என்ன கோபம்? அழுகைதான் வந்தது. நடவுப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து மதுரையில் அதே டாக்டர், அதே அறை. "ஒரு வருஷம் வரலைன்னுதானே சைக்கிள் எடுத்தீங்க? நடுவுல ஏதாவது வந்துச்சா? சும்மா நின்னபடி நெனப்புத் தப்புறது, கைல இருக்கிறத போடுறது, அந்த மாதிரி?"

"இல்ல சார்" என்றேன்.

"வந்துச்சு" என்றாள் மனைவி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசி மாசம் ஒரு செவ்வாக்கெழமை காலைல. டம்ளரு விழுந்த சத்தங்கேட்டு வந்தேன். காப்பி கால்ல கொட்டி ஆவி பறக்குது, இவுக செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. கூப்புட்டேன், கேக்கல. தெளியப்போற நேரத்துல, நான் பாத்தது தெரிய வேணாம்னு கொல்லைக்குப் போயிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை போல. மாத்திரையைக் கூட்டி எழுதினார். இனி எந்த வண்டியும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம் என்றார். எத்தனை வருஷத்துக்கு என்று நானும் கேட்கவில்லை.

வெளியே வராண்டாவில் வந்துதான் எனக்கு வாய் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவாடி தெனமும் சாவியக் குடுத்த?"

"குடுத்தேன்."

"நான் செத்திருந்தா?"

அவள் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நீங்க ஸ்டாப்புல தலையக் குனிஞ்சு நின்னத மாடியிலருந்து ஒரு வருஷம் பாத்தேன். அதுக்கு மேல என்னால பாக்க முடியல. என்ன செய்யச் சொல்றீக?" என்றாள். "பாளையம் வர்ற வண்டி நம்ம தெருமுக்குல ரெண்டு ஹாரன் அடிச்சா நீங்க நல்லாப் போறீகன்னு அர்த்தம். அதக் கேட்ட பெறகுதான் நான் காப்பி குடிப்பேன். அன்னைக்கு அடிக்கல."

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம்.

வண்டி வீட்டுக்குள் சுவரோரம் நிற்கிறது. கரண்டு வந்ததும் அவள் மறக்காமல் அதற்குச் சார்ஜ் போடுகிறாள். எதற்கு என்று கேட்டால், சார்ஜ் இல்லாமல் சும்மா போட்டு வைத்தால் பேட்டரி செத்துப்போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். சாவி அதே ஆணியில் தொங்குகிறது. நான் மாத்திரை போட்டு, வாயைத் திறந்து காட்டுகிறேன். அவள் சாவியைப் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை.

காலையில் ஸ்டாப்பில் நிற்கிறேன். பஸ் வருகிறது. படி என் காலுக்கு நேராக வரும்படி நிறுத்துகிறார்கள். முன்பு எனக்காக எவனும் அவ்வளவு சரியாக நிறுத்தியதில்லை. ஏறி, யாரும் சொல்லாமலே பின் சீட்டில் போய் உட்காருகிறேன். அனுமந்தன்பட்டி தாண்டி எதிர் வண்டி வரும்போது எங்கள் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, இரண்டு தடவை கீழே அமுக்குகிறான். எதிர் வண்டிக்காரன் தலையாட்டிவிட்டுப் போகிறான். இன்னும் பத்து நிமிஷத்தில் எங்கள் தெருமுக்கில் இரண்டு ஹாரன் கேட்கும், அவள் அடுப்பில் காப்பி வைப்பாள். எனக்கு இப்போது அந்தக் கை நன்றாகப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.